ஆர்பிஜி மேக்கர் எம்வி: எட்டு ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

2017 ஆம் ஆண்டின் இறுதியில், கதை சார்ந்த கணினி விளையாட்டுகளை உருவாக்க உதவும் ஆர்பிஜி மேக்கர் எம்வி மென்பொருளைச் சலுகை விலையில் வாங்கினேன். நான் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவன். நிரல் எழுதிப் பழக்கமில்லை. கண்மாய் வற்றிப்போன ஓர் ஊரில், நீர்பாய்ச்சியாக இருந்த தாத்தாவின் குறிப்புகளை வைத்துக்கொண்டு ஒரு சிறுமி வரத்துக்கால் அடைபட்ட இடத்தைத் தேடிச் செல்லும் கதையை விளையாட்டாக ஆக்க வேண்டும் என்பது மட்டுமே என் நோக்கம். இந்த எட்டு ஆண்டுகளில், ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆடக்கூடிய அந்த விளையாட்டை முடித்திருக்கிறேன்; இரண்டாவது விளையாட்டு பாதி வேலையில் நிற்கிறது. முதல் வாரத்தில் எழுதியிருந்தால் பாராட்டு மட்டுமே இருந்திருக்கும், இரண்டாம் ஆண்டில் எழுதியிருந்தால் குறைகளே நிறைந்திருக்கும் என்பதால், இவ்வளவு காலம் பொறுத்து இதை எழுதுகிறேன்.

இந்த வரிசை மென்பொருள்களின் தொடக்கம் ஜப்பானில். ஆஸ்கி நிறுவனம் 1992 இல் பிசி-9801 கணினிக்காக வெளியிட்ட பதிப்பிலிருந்து இது வளர்ந்து வந்திருக்கிறது. 2004 இல் வந்த எக்ஸ்பி பதிப்பில் ரூபி மொழியில் நிரல் எழுதும் வசதி சேர்ந்தது. 2015 இல் வந்த எம்வி, ரூபியை விட்டுவிட்டு ஜாவாஸ்கிரிப்டுக்கு மாறியது. நாம் உருவாக்கும் மேப், பாத்திரங்கள், உரையாடல்கள் அனைத்தும் ஜேசன் என்னும் எழுத்துவடிவத் தரவுக் கோப்புகளாகவும், விளையாட்டை இயக்கும் நிரல் முழுவதும் யாரும் படிக்கக்கூடிய ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளாகவும் நம் கணினியிலேயே திறந்து கிடக்கின்றன. வாங்கும்போது இதன் அருமை எனக்குத் தெரியாது. ஆனால் இத்தனை ஆண்டுகள் இதை விடாமல் வைத்திருப்பதற்கு இந்தத் திறந்த தன்மைதான் காரணம்.

மென்பொருளின் உயிர் ஈவென்ட் என்னும் அமைப்பில் இருக்கிறது. மேப்பில் ஒரு கட்டத்தில் வைக்கப்படும் ஆள், கதவு, பெட்டி, கிணறு ஆகிய எல்லாமே ஈவென்ட்தான். ஓர் ஈவென்டுக்குப் பல பக்கங்கள் இருக்கலாம்; எந்தப் பக்கம் எப்போது இயங்க வேண்டும் என்பதை நிபந்தனைகள் தீர்மானிக்கும். என் விளையாட்டில் வரும் மதகை எடுத்துக்கொள்வோம். முதல் பக்கத்துக்கு நிபந்தனை எதுவும் இல்லை. சிறுமி அருகில் சென்று விசையை அழுத்தினால், 'மரச்செருகு இறுகிக் கிடக்கிறது, கையால் அசைக்க முடியவில்லை' என்று வரும். இரண்டாம் பக்கத்துக்கு, கையிருப்பில் கடப்பாரை இருக்க வேண்டும் என்ற நிபந்தனை. அதில் செருகு பெயர்ந்து, அந்த ஈவென்டுக்கு மட்டும் உரிய, ஒன்று நடந்துவிட்டதா இல்லையா என்பதை நினைவில் வைக்கும் 'செல்ஃப் ஸ்விட்ச் ஏ' இயக்கப்படும். மூன்றாம் பக்கத்துக்கு அந்த ஸ்விட்ச்தான் நிபந்தனை. அங்கே மதகின் படம் மாறி, தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கும். மென்பொருள் கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கம் நோக்கிப் பார்த்துக்கொண்டே வந்து, நிபந்தனை பொருந்தும் முதல் பக்கத்தை எடுத்துக்கொள்கிறது. இது தெரியாமல் நிபந்தனையில்லாத பக்கத்தை நான் கடைசியில் வைத்துவிட்டு, கடப்பாரை கையில் இருந்தும் மதகு ஏன் திறக்கவில்லை என்று இரண்டு இரவுகள் தவித்தேன். புரிந்த பிறகு, நிரலில் ஒரு வரியும் எழுதாமல் இவ்வளவு செய்ய முடிகிறதே என்ற மகிழ்ச்சி இன்றுவரை குறையவில்லை.

புதிதாகத் தொடங்குபவர் எல்லோரும் சந்திக்கும் இன்னொரு இடம் 'ஆட்டோரன்'. ஈவென்டைத் தானாக இயங்கும்படி அமைத்துவிட்டு, முடிவில் அதை நிறுத்தும் ஸ்விட்சை இடாமல் விட்டால், காட்சி முடிந்தும் பாத்திரம் அசையாது. விளையாட்டு உறைந்துவிட்டது போலத் தோன்றும். உண்மையில் அதே ஈவென்ட் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருக்கும். இதைவிடப் பெரிய சிக்கல் நாளடைவில்தான் தெரியவரும். விளையாட்டு முழுவதற்கும் பொதுவான ஸ்விட்சுகளும், எண்களை நினைவில் வைக்கும் வேரியபிள்களும் தலா 5000 வரை வைத்துக்கொள்ளலாம். ஆனால் அவற்றுக்குப் பெயரிடும் ஒழுங்கு நம்முடையதாக இருக்க வேண்டும். 'மழை பெய்துவிட்டது' என்ற என் ஒரு ஸ்விட்சை நாற்பதுக்கும் மேற்பட்ட ஈவென்டுகள் நம்பியிருக்கின்றன. தொடக்கத்தில் 'புதியது 3', 'சோதனை' என்றெல்லாம் பெயரிட்டிருந்தேன். ஆறு மாத இடைவெளிக்குப் பின் திறந்தபோது என் வேலை எனக்கே புரியவில்லை. இப்போது ஊர், இடம், நிகழ்ச்சி என்ற வரிசையில் பெயரிட்டு, ஒவ்வொன்றும் எங்கே இயக்கப்படுகிறது என்பதை ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன்.

படங்களைப் பொறுத்தவரை, கூடவே வரும் தொகுப்பு வளமானதுதான். ஆனால் அது கோட்டை, விடுதி, ஊசியிலைக் காடு, பாதாள அறை என்று ஐரோப்பியக் கற்பனை உலகத்துக்கு உரியது. கருவேல மரமும் ஓட்டுவீடும் கண்மாய்க் கரையும் வேண்டுமானால் நாமே வரைய வேண்டும். ஒவ்வொரு கட்டமும் 48 பிக்சல் நீளம், 48 பிக்சல் அகலம். தரைக்கும் தண்ணீருக்கும் பயன்படும் 'ஆட்டோடைல்' ஓரங்களைத் தானே பொருத்திக்கொள்ளும். ஆனால் அதற்குரிய துண்டுகளை மென்பொருள் எதிர்பார்க்கும் அமைப்பிலேயே வரைந்து தர வேண்டும். கண்மாய்த் தண்ணீரின் மூன்று அசைவுகளை வரைந்து முடிக்க எனக்கு ஒரு மாதம் பிடித்தது. இயல்பில் வரும் நீலம் கடலுக்குப் பொருந்தும். கண்மாய்க்கு வேண்டிய செம்மண் கலங்கல் நிறம் கைக்கு வந்தபோதுதான் அது நம்முடைய ஊராகத் தெரிந்தது.

அடுத்து, தமிழில் விளையாட்டு செய்ய விரும்புவோர் கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி. மெனுவில் 'பொருட்கள்', 'சேமி' என்று தமிழில் மாற்றியபோது எழுத்துகள் சரியாகவே வந்தன. ஆனால் உரையாடல் பெட்டியில் பேச்சிக் கிழவி வாயைத் திறந்ததும் அவள் பெயரே சிதறிவிட்டது. 'ப' தனியாக நின்றது. அடுத்து, புள்ளிவட்டத்துக்கு முன்னால் ஓர் இரட்டைக்கொம்பு. பிறகு 'ச', அதன்பின் ஒரு வெற்று வட்டத்தின் தலையில் மெய்ப்புள்ளி. எழுத்துரு பழுதோ என்று முதலில் நினைத்தேன். எழுத்துருக் கோப்புறையில் ஒரு நல்ல தமிழ் எழுத்துருவை வைத்து, அங்குள்ள சிஎஸ்எஸ் கோப்பில் அதன் பெயரை மாற்றிக் கொடுத்த பிறகும் நிலைமை அப்படியே இருந்தது.

காரணம் வேறு. மெனுச் சொற்களை எம்வி முழுச் சொல்லாக ஒரே தடவையில் வரைகிறது; உரையாடலையோ, தட்டச்சு செய்வது போல ஒவ்வொன்றாகத் தோன்ற வேண்டும் என்பதற்காக, யூனிகோடு குறியீடு குறியீடாக வெட்டி வரைகிறது. ஆங்கிலத்துக்கும் ஜப்பானிய மொழிக்கும் இதில் இடையூறு இல்லை. தமிழில் 'பே' என்பது நமக்கு ஓரெழுத்து. கணினிக்கு 'ப' ஒன்று, ஏகாரக் குறி ஒன்று என இரண்டு. பிரித்து வரைந்தால் கொம்பு எந்த எழுத்தோடு சேர வேண்டும் என்பதே அதற்குத் தெரியாது. ஜாவாஸ்கிரிப்ட் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொண்டு, ஓர் எழுத்தை எடுத்ததும் அதற்குப் பின்னால் உயிர்க்குறியோ மெய்ப்புள்ளியோ இருந்தால் அவற்றையும் சேர்த்து எடுத்து ஒன்றாக வரையும்படி பதினைந்து வரிகளுக்குள் ஒரு பிளக்இன் (மென்பொருளோடு சேர்க்கும் துணை நிரல்) எழுதினேன். 'க்ஷ' மட்டும் 'க்' என்றும் 'ஷ' என்றும் பிரிந்து வருகிறது. படிக்க முடிவதால் அதை அப்படியே விட்டுவிட்டேன். மற்றபடி கிழவியின் பேச்சு முழுவதும் சரியாக வந்தது. 'பேச்சி' என்ற பெயர் மூன்றே எழுத்தாக, ஒவ்வொன்றாகத் திரையில் விழுந்ததைப் பார்த்த அந்த இரவில், வீட்டில் உறங்கிக்கொண்டிருந்தவர்களை எழுப்பிக் காட்டினேன்.

வரி மடக்குவது அடுத்த வேலை. உரையாடல் பெட்டியில் நான்கு வரிகள். பேசுபவரின் முகப்படத்தை வைத்தால் ஒரு வரிக்கு 600 பிக்சலுக்குச் சற்றே அதிகமான அகலம்தான் எஞ்சுகிறது. எம்வி தானாக வரியை மடக்காது. நீண்டால் பெட்டியின் ஓரத்தில் வெட்டுப்பட்டுவிடும். 'கொண்டுவந்திருக்கிறார்கள்' போன்ற சொற்கள் உள்ள மொழியில் இது சிறிய தொல்லை இல்லை. வரிதோறும் ஆடிப் பார்த்துச் சரிசெய்வதைத் தவிர எனக்கு வேறு வழி அமையவில்லை.

இன்னும் நுட்பமான ஒன்று, சண்டைக் காட்சிகளில் வரும் அறிவிப்புகள். 'இன்னாருக்கு இவ்வளவு சேதம்' என்ற வாக்கியத்தில், பெயர் வரும் இடத்தில் சதவீதக் குறியும் ஒரு எண்ணும் இட்டு வைத்தால், மென்பொருள் அங்கே பெயரைப் பொருத்திவிடும். தமிழில் பெயருக்குப் பின்னால் 'க்கு' என்று எழுதி வைத்தால் 'செல்விக்கு' சரியாக வரும், 'முத்துக்கு' இடறும், 'ஐயனார்க்கு' சமாளிக்கும், 'வேலன்க்கு' வந்து நிற்கும்போது படிக்கவே மனம் வராது. 'தாக்கினான்' என்று முடித்தாலோ சிறுமிக்கும் காட்டுப்பன்றிக்கும் அது பொருந்தாது. ஆகவே எல்லா அறிவிப்புகளையும், பெயர் எழுவாயாகவே நின்று, வினைமுற்று இல்லாமல் முடியும்படி திருத்தி எழுதினேன்: 'செல்வி: 12 புள்ளி இழப்பு', 'வேலன்: தப்பியோட்டம்'. மொழிபெயர்ப்பாளர் எவருக்கும் தெரிந்த சிக்கல்தான் இது; ஆனால் விளையாட்டு செய்பவர் தொடக்கத்திலேயே இதற்கு இடம் வைத்துக்கொண்டால் பிறகு நூறு வரிகளைத் திருத்த வேண்டியிருக்காது.

சண்டை அமைப்பைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. இயல்பான சேதக் கணக்கு, தாக்குபவரின் வலிமையை 4 ஆல் பெருக்கி, அதிலிருந்து எதிரியின் காப்பின் இரு மடங்கைக் கழிப்பது. காப்பு வலிமையின் இரு மடங்கை எட்டிவிட்டால் அடி பூச்சியமாகிவிடும் என்பதால், எண்களைச் சிறிது மாற்றினாலும் சண்டை மிக எளிதாகவோ முடியாததாகவோ ஆகிவிடுகிறது. நான் சண்டைகளைக் குறைத்துவிட்டேன். கதைக்கு அதுவே நல்லதாக அமைந்தது. இம்மென்பொருளில் சண்டை கட்டாயம் இல்லை. 2011 இல் எக்ஸ்பி பதிப்பில் உருவான 'டு தி மூன்' சண்டையை நம்பாமல் கதையை நம்பி உலகெங்கும் ஆடப்பட்டது என்பது எனக்குப் பெரிய ஊக்கமாக இருந்தது.

கோப்புகள் திறந்து கிடப்பதில் ஓர் ஆபத்தும் உண்டு. ஒருநாள் மாலை, எம்வியின் எடிட்டர் (விளையாட்டை உருவாக்கும் திரை) திறந்திருக்கும்போதே, ஜேசன் கோப்பை வேறொரு எழுத்துச் செயலியில் திறந்து உரையாடல்களில் உள்ள ஒற்றுப்பிழைகளை நான்கு மணி நேரம் திருத்தினேன். பிறகு எடிட்டருக்கு வந்து பழக்கத்தில் சேமித்தேன். எடிட்டர் தன் நினைவிலிருந்த பழைய வடிவத்தை அதன்மேல் எழுதிவிட்டது. பிழை என்னுடையது, எடிட்டரை மூடிவிட்டுத்தான் கோப்புகளைத் தொட வேண்டும். அன்றிலிருந்து ஒவ்வொரு நாள் வேலையையும், கோப்புகளின் பழைய நிலைகளைக் காத்துவைக்கும் கிட் என்னும் மென்பொருள் மூலம் பதிவு செய்து வைக்கிறேன். ஓர் ஈவென்ட் முழுவதும் கோப்பில் ஒரே வரியாக இருப்பதால் எது மாறியது என்று படித்தறிவது கடினம். இருந்தாலும் பழைய நிலைக்குத் திரும்ப முடிகிறது.

முடித்த விளையாட்டை விண்டோஸ், மேக், இணைய உலாவி என வெவ்வேறு வடிவங்களில் வெளியிடலாம். உலாவிக்கென வெளியிட்டபோது மதகுப் படம் மட்டும் வரவில்லை. கோப்பின் பெயரில் முதல் எழுத்து பெரிய எழுத்தாகவும், என் பிளக்இன் அமைப்பில் சிறிய எழுத்தாகவும் இருந்தன. விண்டோஸ் அந்த வேறுபாட்டைப் பொருட்படுத்தாது, விளையாட்டை இணையத்தில் வைத்திருந்த வழங்கிக் கணினி பொருட்படுத்தும். பயன்படுத்தாத கோப்புகளை நீக்கி வெளியிடும் வசதியையும் எச்சரிக்கையோடு பயன்படுத்துங்கள். பிளக்இன் வழியாக மட்டும் அழைக்கப்படும் படங்களை அது பயன்படாதவை என்று எண்ணி விட்டுவிடக்கூடும். பிளக்இன்கள் குறித்தும் ஒரு சொல்: இலவசமாகக் கிடைக்கிறது என்பதற்காக முப்பதைச் சேர்த்தால், எது எதோடு மோதுகிறது என்று தேடுவதிலேயே ஆண்டு கழிந்துவிடும். என்னிடம் இப்போது இருப்பவை ஆறு.

2020 இல் எம்இசட் பதிப்பு வந்தது. தானியங்கிச் சேமிப்பும், மேப் வரையும்போது அடுக்கை நாமே தேர்ந்துகொள்ளும் வசதியும் அதில் உண்டு. இன்று புதிதாகத் தொடங்குபவர் அதையே வாங்கலாம். எம்விக்கு எழுதிய பிளக்இன்கள் அதில் அப்படியே ஓடாது என்பதால், பாதியில் நிற்கும் வேலையோடு நான் மாறவில்லை.

இப்போது கை வைத்திருப்பது, ஆடுபவர் சிறுமிக்குத் தன் விருப்பப்படி பெயரிடும் பெட்டியில். எம்வியில் அதற்குரிய எழுத்துப் பலகைகள் ஐரோப்பிய எழுத்துகளுக்கும் ரஷ்ய, ஜப்பானிய எழுத்துகளுக்கும் இருக்கின்றன, தமிழுக்கு இல்லை. ஒரு பக்கத்தில் 90 கட்டங்கள். அவற்றில் இரண்டு, பக்கம் மாற்றவும் முடிக்கவும் போய்விட, 88 எஞ்சுகின்றன. மூன்று பக்கங்களில் 264 கட்டங்கள் என்றால் 247 எழுத்துகளும் அடங்கிவிடுகின்றன. மீதிப் பதினேழில் ஜகரமும் ஷகரமும் அமர இடம் இருக்கிறது. பெயரின் நீளத்தைக் குறியீடுகளால் எண்ணாமல் எழுத்துகளால் எண்ண வைக்கும் பகுதி மட்டும் இன்னும் முடியவில்லை. 'செல்வி' என்று இட்டால் அது ஆறு என்கிறது, நான் மூன்று என்று சொல்ல வைக்க முயன்றுகொண்டிருக்கிறேன்.