கைட்டோசானா, பிஎல்ஜிஏவா?

மருந்தைச் சுமக்கும் நானோ துகளுக்கு எந்த பாலிமரை (சங்கிலி போன்ற நீண்ட மூலக்கூறை) எடுப்பது என்று தஞ்சாவூர், திருச்சிப் பக்கம் புராஜெக்ட் செய்யும் பிள்ளைகள் அடிக்கடி கேட்கிறார்கள். நான் எடுத்தது கைட்டோசான். மறுபடி செய்தாலும் அதைத்தான் எடுப்பேன். ஆகவே இந்த அலசல் கொஞ்சம் ஒரு பக்கம் சாயும்.

இரண்டும் உடலுக்குள் சிதைந்துவிடும், அதை விடுங்கள். கைட்டோசான் குளுக்கோசமைன் என்ற சர்க்கரை அலகுகளின் சங்கிலி. நாகப்பட்டினத்தில் உரித்துக் குவிக்கிறார்களே இறால் ஓடு, அதிலுள்ள கைட்டினைச் சூடான காரத்தில் போட்டுப் பெறுவது. பிஎல்ஜிஏ, லாக்டிக் அமிலமும் கிளைக்காலிக் அமிலமும் சேர்ந்த பாலியெஸ்டர்.

கைட்டோசானை நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் கரைத்து, காந்தக் கலக்கி சுற்றச் சுற்ற, சோடியம் டிரைபாலிபாஸ்பேட் என்ற உப்பின் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டால் போதும். தெளிவாக இருந்தது நீராகாரம் மாதிரி லேசாக மங்கும், துகள் வந்துவிட்டது. சொட்டு கூடிப்போனால் திரிதிரியாக அடியில் இறங்கும், கொட்டிவிட வேண்டியதுதான்.

என்னை முடிவெடுக்க வைத்தது பராமரிப்பு. பிஎல்ஜிஏவை உடலுக்குள் சிதைப்பதே தண்ணீர்தான். அதே தண்ணீர் பாட்டிலுக்குள் புகுந்தாலும் சங்கிலி அறுபடும். அதனால் ஃப்ரீசரில் வைக்க வேண்டும். வெளியே எடுத்ததும் திறக்கக் கூடாது. அறைச் சூட்டுக்கு வந்த பிறகே திறக்க வேண்டும், இல்லாவிட்டால் பொடிமேல் ஈரம் படியும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நம் ஊர்க் காற்றே பாதி தண்ணீர். புயல் வந்து கரண்ட் போனால் ஃப்ரீசர் ஜெனரேட்டர் லைனில் இருக்கிறதா என்று ஓட வேண்டும். துகள் செய்யப் பெரும்பாலும் டைகுளோரோமீத்தேன் என்ற கரைப்பான் வேறு. அது கொதிப்பதே 40 டிகிரியில். அக்னி நட்சத்திரத்தில் ஏசி இல்லாத லேபில் அந்த மூடியைத் திறந்து பாருங்கள், தெரியும். கைட்டோசான் பொடியோ இறுக மூடிய டப்பாவில் அலமாரியிலேயே கிடக்கும்.

ஆனால் செய்து முடித்த கைட்டோசான் துகளைத் தண்ணீரிலேயே விட்டுவைத்தால் நாளாக ஆகக் கட்டிதட்டும். டிரெஹலோஸ் என்ற சர்க்கரை சேர்த்து உறைய வைத்து உலர்த்துவது நல்லது. பிஎச் 6.5ஐத் தாண்டினால் அதன் நேர்மின் சுமையும் குறையும். அந்தச் சுமையால்தான் அது மூக்கு, குடல் சளிப்படலத்தில் ஒட்டிக்கொள்கிறது. அந்த வழிகளுக்கு என் ஓட்டு கைட்டோசானுக்கே. ரத்தத்தில் ஏற்றுவதற்குச் சொல்ல மாட்டேன். செல் சோதனையைத் தாண்டி நான் போனதில்லை, அதையும் மனதில் வையுங்கள்.

மஞ்சளில் உள்ள குர்குமின் மாதிரி தண்ணீரில் கரையாத மருந்தா, மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் கசிய வேண்டுமா, பிஎல்ஜிஏவுக்கே போங்கள். நானோ அல்ல, அதைவிடப் பெரிய நுண்கோளம்தான் என்றாலும், பிஎல்ஜிஏ குடும்பத்தைச் சேர்ந்த லூப்ரான் டிப்போ என்ற புரோஸ்டேட் புற்றுநோய் ஊசிக்கு அமெரிக்கா 1989லேயே அனுமதி கொடுத்துவிட்டது.

கைட்டோசான் வாங்குகிறவர்கள் மூலக்கூறு எடையையும் அசிட்டைல் நீக்க அளவையும் (கைட்டினில் இருந்த அசிட்டைல் தொகுதி எவ்வளவு நீங்கியிருக்கிறது என்பதை) கேட்டு, புராஜெக்ட் முழுவதற்கும் ஒரே லாட்டில் (ஒரே தடவையில் தயாரித்த சரக்கில்) வாங்கிவிடுங்கள். லாட் மாறினால் துகள் அளவும் மாறும்.