‘மானியம் வாங்கித் தருகிறேன்’ என்று வருபவரிடம் கையெழுத்துப் போடும் முன்

இயற்கை விவசாயத்துக்கும், பண்ணைக் கழிவைப் பண்ணையிலேயே பயன்படுத்தும் சுழற்சி வேளாண்மைக்கும் அரசு தரும் மானியத்தை வாங்கித் தருவதாக ஒருவர் சொன்னதை நம்பி நான் ஏமாந்தேன். பணம் போனதைவிட என் நிலத்தின் இரண்டு ஆண்டுகள் போனதுதான் ஆறவில்லை. இதே வலையை இன்னும் பலரிடம் விரித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

என்னிடம் இருப்பவை நான்கு மாடுகளும் கொஞ்சம் நிலமும். சாணம் எரிவாயுவாக வேண்டும், மிஞ்சும் சாணக்குழம்பு வயலுக்கு எருவாக வேண்டும், வயலில் விளையும் தீவனம் மாட்டுக்குத் திரும்ப வேண்டும். வெளியிலிருந்து எதுவும் வாங்காத ஒரு வட்டம். அதற்கு மானியம் உண்டு என்று கேள்விப்பட்டு விசாரித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் அந்த ஆலோசகர் வந்தார். விண்ணப்பம், கலன் கட்டுவது, இயற்கைச் சான்றிதழ் எல்லாம் தன் பொறுப்பு என்றார். முன்பணமும், வரும் மானியத்தில் ஒரு பங்கும் கேட்டார். நிரப்பாத படிவங்களில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். “ஐயா, நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க, மத்ததை நான் பார்த்துக்கறேன்” என்றார். போட்டேன்.

நான்கு மாடுகளுக்கு ஏற்ற சாண எரிவாயுக் கலன் மிகச் சிறியது. ஒரு மாடு நாளுக்குச் சுமார் 10 கிலோ சாணம் போடும். 1 கன மீட்டர் வாயுவுக்கு ஏறக்குறைய 25 கிலோ சாணம் வேண்டும். அப்படியானால் என் 40 கிலோவுக்கு ஒன்றரை கன மீட்டர் வாயுதான் கிடைக்கும். அவர் கட்டியதோ நாளுக்கு 6 கன மீட்டர் வாயு தரும் அளவுள்ள கலன். அதற்குத் தினமும் 150 கிலோ சாணம் வேண்டும், அதாவது 15 மாடுகள். ஏன் இவ்வளவு பெரிது என்று கேட்டதற்கு, “நாளைக்கு மாடு பெருகும் இல்லையா?” என்றார். கலன் பெரிதாக ஆக மானியத் தொகையும் கூடும், அதில் அவருடைய பங்கும் கூடும் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அந்தக் கலனுக்குள் சுமார் 12,000 லிட்டர் சாணக்குழம்பு பிடிக்கும். 40 கிலோ சாணத்தோடு அதே அளவு தண்ணீர் கலந்தால் நாளுக்கு 80 லிட்டர். அது நிரம்பவே ஐந்து மாதம் ஆகும். அந்த ஐந்து மாதமும் வெளித்தொட்டி காய்ந்தே கிடந்தது, வயலுக்கு ஒரு வாளி குழம்புகூட வரவில்லை. அடுப்பைப் பற்றவைத்தால் மெலிந்த சுடர் எழும், உலை கொதிப்பதற்குள் அணைந்துவிடும். வட்டம் என்று நான் நினைத்தது முதல் கண்ணியிலேயே அறுந்தது.

அப்புறம் மானியமாவது வந்ததா? இல்லை. ஒப்புதல் கடிதம் வருவதற்கு முன்பே அவர் குழி தோண்டிவிட்டார். இப்படிப்பட்ட பல திட்டங்களில் முதலில் விண்ணப்பம், பிறகு ஒப்புதல், அதன் பிறகே வேலை. செலவு செய்து, பில் காட்டி, ஆய்வு முடிந்த பின்தான் பணம் திரும்ப வரும். முன்கூட்டியே தொடங்கிய வேலைக்குத் தகுதி இல்லை என்று ஒரே வரியில் பதில் வந்தது. அந்த வரி விண்ணப்பப் படிவத்தின் பின்பக்கத்திலேயே அச்சாகியிருந்தது. நான் படிக்காமல் கையெழுத்துப் போட்ட பக்கம் அது.

இதோடு நின்றிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். குழம்பு வராத குறைக்கு அவரே ‘இயற்கை உரம்’ என்று கருப்புக் குருணை மூட்டைகளை இறக்கினார். பயிர் ஒரே வாரத்தில் கரும்பச்சையானது. சந்தோஷப்பட்டேன். இயற்கைச் சான்றிதழுக்கான ஆய்வுக்கு வந்தவர் மூட்டையின் லேபிளைப் பார்த்தார், ஒரு பிடி குருணையை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுக் கலக்கி, டம்ளரை என் கையில் கொடுத்தார். சில்லென்று இருந்தது. குருணை கரைந்து, அடியில் கொஞ்சம் கரித்தூள் மட்டும் நின்றது. யூரியா கரையும்போது தண்ணீர் குளிரும். மக்கிய உரம் அப்படிக் கரையாது, குளிராது. மக்கிய உரத்தில் தழைச்சத்து (நைட்ரஜன்) 1 அல்லது 2 சதவீதம்தான் இருக்கும், யூரியாவில் 46 சதவீதம். ஆய்வகச் சோதனையும் யூரியா என்றே சொன்னது.

ரசாயன உரத்தை நிறுத்திய நாளிலிருந்து, விளைச்சலுக்கு இயற்கைச் சான்று கிடைக்கும் முன் நிலம் காத்திருக்க வேண்டிய ஒரு மாற்றக் காலம் உண்டு. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி ஆண்டுப் பயிர்களுக்கு விதைப்புக்கு முன் 2 ஆண்டுகள், பல்லாண்டுப் பயிர்களுக்கு முதல் அறுவடைக்கு முன் 3 ஆண்டுகள். அமெரிக்காவிலும் அறுவடைக்கு முன் 3 ஆண்டுகள். தடை செய்த பொருள் ஒருமுறை விழுந்தால் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். நான் இரண்டு ஆண்டுகளை முடித்திருந்தேன். களை பறித்துப் பறித்துக் கை காய்த்துப்போன இரண்டு ஆண்டுகள். தெரியாமல் போட்டேன் என்று சொன்னதை யாரும் மறுக்கவில்லை, ஆனால் மண்ணில் விழுந்தது விழுந்ததுதான்.

சான்றிதழ் வாங்கித் தருவேன் என்று அவர் சொன்னதும் பொய். சான்றளிக்கும் நிறுவனம் சோதிக்கலாம், சான்று தரலாம். அதே விவசாயிக்குக் காசு வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்லக் கூடாது என்பது, சான்றளிக்கும் நிறுவனங்களுக்கான பன்னாட்டுத் தரமான ஐஎஸ்ஓ 17065-இன் விதி. இடையில் ஒருவர் ‘உள்ளே ஆள் இருக்கிறார்’ என்றால் அங்கேயே பேச்சை நிறுத்திவிடுங்கள். மானிய விண்ணப்பத்தை அலுவலகத்துக்கு நேரில் போய் வாங்குங்கள். ஒப்புதல் கடிதம் கையில் வரும்வரை ஒரு செங்கல்கூட இறக்காதீர்கள். கலனின் அளவை உங்கள் சாணத்தை எடை போட்டுப் பார்த்துத் தீர்மானியுங்கள்.

உங்கள் கொட்டகையிலும் அந்தக் கருப்புக் குருணை மூட்டை இருந்தால் வயலுக்குக் கொண்டுபோகாதீர்கள். ஒரு பிடி எடுத்து டம்ளரில் போட்டுப் பாருங்கள். மீதியைப் பில்லோடும் லேபிளோடும் அப்படியே கட்டி வையுங்கள். நான் காலி மூட்டைகளை எரித்துவிட்டேன். புகார் கொடுக்கப் போனபோது அங்கே முதலில் கேட்டது அந்த மூட்டைகளைத்தான்.