ஃப்ரெடெரிக் மால் ஆண்கள் பெர்ஃப்யூம்: ஐந்தில் எதை வாங்குவது?

ஃப்ரெடெரிக் மால் நிறுவனத்தின் பெர்ஃப்யூம்களில் ஆண்களுக்கு எது சரி என்ற பேச்சு வந்தால் ஐந்து பெயர்கள்தான் திரும்பத் திரும்ப அடிபடும்: வெட்டிவர் எக்ஸ்ட்ராஆர்டினேர், ஃப்ரெஞ்ச் லவர், ஜெரேனியம் பூர் மொஸ்யூ, மஸ்க் ராவஜர், மொஸ்யூ. ஐந்துமே தரமான சரக்கு, ஐந்துமே விலை கூடியவை. சிக்கல் என்னவென்றால், இவற்றில் மூன்று பெர்ஃப்யூம்கள், அடித்தவுடன் வரும் பத்து நிமிடம் ஒரு முகமும் நான்காம் மணி நேரத்தில் வேறொரு முகமும் காட்டும். கடையில் முகர்ந்து பார்க்கத் தரும் அட்டையில் அடித்து முகர்ந்துவிட்டு வாங்குபவர் அந்த முதல் முகத்துக்குப் பணம் கொடுக்கிறார். நாள் முழுக்கச் சட்டையோடு கூடவே இருக்கப்போவது இரண்டாவது முகம்.

இந்த நிறுவனம் 2000-ல் பாரிஸில் தொடங்கப்பட்டது. புத்தகப் பதிப்பாளர் எழுத்தாளரின் பெயரை அட்டையில் போடுவதுபோல, பெர்ஃப்யூமை உருவாக்கியவரின் பெயரைப் பாட்டிலிலேயே அச்சிட்டுத் தருவது இவர்கள் வழக்கம். மூலப்பொருள் செலவுக்கு உச்சவரம்பு வைக்காமல் அவரைத் தன் போக்கில் செய்யவிடுவதும் உண்டு. 2014-ல் எஸ்டே லாடர் குழுமம் இந்த நிறுவனத்தை வாங்க ஒப்பந்தம் செய்தது. வாங்குபவருக்கு இதில் ஒரு உள்ளர்த்தம் இருக்கிறது. செலவுக் கட்டுப்பாடு இல்லாததால், இந்த ஐந்தில் பெரும்பாலானவை ஒரே ஒரு மூலப்பொருளை வழக்கத்துக்கு மீறிய அளவில் கொட்டிச் செய்யப்பட்டவை. அந்தப் பொருள் உங்கள் மூக்குக்கு ஒத்துவராவிட்டால் மற்ற நோட்டுகள் (கலவையில் உள்ள தனித்தனி மணங்கள்) எதுவும் காப்பாற்றாது. ஆகவே பெர்ஃப்யூமைத் தேர்வு செய்வதற்கு முன் பொருளைத் தேர்வு செய்யுங்கள்: ஈர வேரா, காய்ந்த மரமா, புதினாவும் ஜெரேனியமுமா, வெனிலாவும் கஸ்தூரியுமா, மண்வாடை வீசும் பச்சோலி இலையா?

வெட்டிவர் எக்ஸ்ட்ராஆர்டினேரும் ஃப்ரெஞ்ச் லவரும்

அதிகம் குழப்பம் தரும் ஜோடி இதுதான். இரண்டிலும் வெட்டிவேர் உண்டு, இரண்டிலும் இனிப்பு கிடையாது, இரண்டுமே அலுவலகத்துக்குப் போட்டுப் போகலாம். ஆனால் மணத்தில் ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

வெட்டிவர் எக்ஸ்ட்ராஆர்டினேர் 2002-ல் டொமினிக் ரோப்பியோன் செய்தது. இதில் ஹெய்ட்டி நாட்டு வெட்டிவேர் எண்ணெய் 25 சதவீதம் என்று நிறுவனமே சொல்கிறது. ஹெய்ட்டி எண்ணெயில் புகை வாடை குறைவு, சுத்தமான மண்ணும் வேரும்தான் தெரியும். ஜாவா எண்ணெயில்தான் கரிப்புகை தூக்கலாக இருக்கும். வெட்டிவேர் எண்ணெயின் மூலக்கூறுகள் கனமானவை, மெல்லத்தான் ஆவியாகும். அதனால் முதலில் மூக்குக்கு எட்டுவது மேலே தூவிய பெர்கமோட் என்ற எலுமிச்சை வகை, கசப்பு ஆரஞ்சு, இளஞ்சிவப்பு மிளகு. இவை அரை மணி நேரத்தில் கிளம்பிவிடும். பிறகு வருவது நனைந்த வேர்க்கட்டு, குளிர்ந்த மண், கொஞ்சம் கிராம்பு. அட்டையில் முகர்ந்தால் பூட்டிக் கிடந்த நிலவறை மாதிரி இருக்கிறது என்று சிலர் ஒதுக்குவார்கள். தோல் சூட்டில் அந்தப் பூஞ்சை வாடை கரைந்து ஈரமான புல்வேராகிவிடும். இதை அட்டையை வைத்து முடிவு செய்யவே கூடாது.

இதில் நடக்கும் பெரிய தவறு, அளவு மீறி அடிப்பது. இரண்டு, மூன்று மணி நேரத்தில் அடித்தவரின் மூக்கு அந்த மணத்துக்குப் பழகி அதைப் பதிவு செய்வதையே நிறுத்திவிடும். மணம் போய்விட்டது என்று நினைத்து மேலும் நான்கு ஸ்ப்ரே போடுவார். பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு அது முழுசாகத் தெரிந்துகொண்டே இருக்கும். மூன்று ஸ்ப்ரே போதும். நிற்கிறதா இல்லையா என்பதைப் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஃப்ரெஞ்ச் லவர் 2007-ல் பியேர் பூர்தோன் கைவண்ணம். டேவிடாஃப் கூல் வாட்டர் என்ற பெர்ஃப்யூமைச் செய்த அதே மனிதர்தான், ஆனால் அந்தச் சாயலைத் தேடிப் போனால் ஏமாற்றம் மிஞ்சும். பெயரைப் பார்த்து ஏதோ கொஞ்சலான மணம் என்று எண்ணிவிடாதீர்கள். ஏஞ்சலிகா வேர், கால்பனம் பிசினின் கசப்புப் பச்சை, சீடர் மரம், குந்திரிக்கம் என்று முழுக்க வறட்சி. வெட்டிவேர் இங்கே துணைப் பாத்திரம். முதல் பத்து நிமிடத்துக்கும் ஆறாம் மணி நேரத்துக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது, ஐந்தில் மிக நேர்மையான குணம் இதற்குத்தான். எர்மேஸ் நிறுவனத்தின் டெர் த'எர்மேஸ் பெர்ஃப்யூமைப் போட்டுப் பழகி, அதில் ஆரஞ்சைக் கழித்துவிட்டுக் கல்லும் மரமும் மட்டும் வேண்டும் என்பவருக்கு இது நேராகப் போய்ச் சேரும். குளிர்ந்த வானிலையில் இதன் பச்சைக் கசப்பு கூர்மையாக நிற்கும், கடும் வெக்கையில் அதுவே தலைவலி கொடுக்கலாம். ஒரு தகவல்: இதே பெர்ஃப்யூம் அமெரிக்காவில் புவா தோராஜ் என்ற பெயரில் விற்றது. அந்தப் பெயரோடு பாட்டில் கண்ணில் பட்டால் போலி என்று ஒதுக்க வேண்டியதில்லை.

இந்த இரண்டில் ஒன்றைத் தேர்வு செய்ய ஒரு சுலபமான வழி உண்டு. ஒவ்வொரு முன்கையிலும் ஒன்றை அடித்து இரண்டு மணி நேரம் கழித்து முகருங்கள். ஈரமாகத் தெரிவது வெட்டிவர், காய்ந்து தெரிவது லவர். எந்தக் கையை மறுபடி மறுபடி மூக்கருகே கொண்டுபோகிறீர்கள் என்று பாருங்கள், விடை கிடைத்துவிடும். வெயிலில் அலைபவருக்கு எங்கள் வாக்கு வெட்டிவருக்கே.

ஜெரேனியம் பூர் மொஸ்யூ

ஐந்தில் அதிகம் தவறாக எடைபோடப்படுவது இதுதான். 2009-ல் வந்தது, இதுவும் ரோப்பியோன். அடித்ததும் புதினாவும் சோம்பும் சில்லென்று ஏறும். பற்பசை மாதிரி இருக்கிறது என்று பாட்டிலைக் கீழே வைத்துவிடுபவர்கள் ஏராளம். அந்த வாய் கொப்பளிக்கும் திரவத்தின் புத்துணர்ச்சி தெரிந்தே வைக்கப்பட்டது. ஜெரேனியம் எண்ணெயிலேயே ஐசோமென்தோன் என்ற புதினா வாடைக் கூறு இருக்கிறது. ரோஜாவிலும் உள்ள சிட்ரோனெல்லால், ஜெரானியால் இரண்டும் இருக்கின்றன. மேலே புதினாவைச் சேர்த்ததும் ஜெரேனியத்தின் குளிர்ந்த பாதி தூக்கலாகிறது. முக்கால் மணி நேரம் போல ஆனதும் புதினா ஆவியாகி, ரோஜாச் சாயல் கொண்ட மற்ற பாதி, பட்டை, கிராம்போடு வெளிவருகிறது. கடைசியில் நிற்பது சந்தனம், குந்திரிக்கம், வெள்ளைக் கஸ்தூரி. சவரம் செய்த முகத்தில் தொடங்கி இழைத்த சந்தனத்தில் முடிகிற ஒரே பெர்ஃப்யூம் இந்த வரிசையில் இதுதான். இதன் அடி மணத்திலிருந்து வளர்த்தெடுத்ததுதான் 2010-ல் இதே நிறுவனத்திலிருந்து வந்த போர்ட்ரெய்ட் ஆஃப் எ லேடி. பெயரில் பெண் இருந்தாலும் அதை எத்தனையோ ஆண்கள் போடுகிறார்கள்.

குறை இல்லாமல் இல்லை. பரவல் சுமார்தான். இரண்டாம் மணி நேரத்துக்குப் பிறகு கை நீட்டும் தூரத்துக்குள் அடங்கிவிடும். நெருக்கமான அலுவலகத்தில் அதுவே நல்லது, திறந்தவெளி விருந்தில் போதாது. வறண்ட தோலில் இன்னும் சீக்கிரம் அடங்கும். மணமில்லாத மாய்ஸ்சரைசரை மெல்லப் பூசிவிட்டு அதன் மேல் அடித்தால் நேரம் கூடும்.

மஸ்க் ராவஜர்

நிறுவனம் தொடங்கியபோது வந்த முதல் ஒன்பது பெர்ஃப்யூம்களில் ஒன்று, மோரிஸ் ரூசெல் செய்தது. லாவெண்டரும் பெர்கமோட்டும் சில நிமிடம் முகம் காட்டிவிட்டுப் போகும். அதன் பிறகு பட்டை, கிராம்பு, வெனிலா, டோங்கா விதை, கஸ்தூரி என்று கதகதப்பாக விரியும். கஸ்தூரி என்றதும் மானை நினைக்க வேண்டாம், அது ஆய்வகத்தில் செய்த சேர்மம்தான். குளிர்ந்த இரவுக்கும் ஏசி அறைக்கும் இது அருமை. வியர்க்கும் பகலில் போட்டால் வெனிலா பாகாகி மூச்சு முட்டும்.

வாங்கும் முன் மூன்று விஷயங்களைச் சோதிக்க வேண்டும். முதலாவது, செயற்கைக் கஸ்தூரி மூலக்கூறுகள் பெரியவை. குறிப்பிட்ட சில கஸ்தூரிகள் சிலருடைய மூக்குக்குத் தெரியவே தெரியாது. அவர்களுக்கு இந்தப் பெர்ஃப்யூம் வெறும் பட்டையும் வெனிலாவுமாகத் தட்டையாகத் தெரியும், பக்கத்தில் இருப்பவருக்கோ முழு வீச்சில் போய்ச்சேரும். இரண்டாவது, பட்டை, கிராம்பு மணம் தரும் சின்னமால், யூஜினால் இரண்டும் ஒவ்வாமை கிளப்பக் கூடியவை. தோல் சட்டென்று சிவக்கும் ஆளாக இருந்தால் முழங்கையின் உட்புறத்தில் சில நாள் தொடர்ந்து அடித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். பெட்டியின் பக்கவாட்டில் உள்ள பொருள் பட்டியலில் இந்தப் பெயர்கள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். மூன்றாவது வெள்ளைச் சட்டை: வெனிலின் நாள்பட்டால் பழுப்பேறும், ஆகவே காலரில் அடிக்காதீர்கள்.

மொஸ்யூ

புரூனோ யோவானோவிச் செய்தது. பாதிக்கும் மேல் பச்சோலி என்பது நிறுவனத்தின் கணக்கு. மேலே ரம், மாண்டரின் ஆரஞ்சு, கீழே பதப்படுத்திய மெல்லிய தோலின் வாடையும் வெனிலாவும். பச்சோலி பிடிக்கும் என்றால் இதைவிடச் சுத்தமான பச்சோலி கிடைப்பது அரிது, பிடிக்காது என்றால் சாம்பிள்கூட வேண்டாம். பச்சோலியைப் பற்றி இன்னும் முடிவெடுக்காதவர் இதில் தொடங்கக் கூடாது.

ஐந்தும் கனமாகத் தோன்றினால் இரண்டு மாற்று இருக்கின்றன. ஜான்-குளோட் எலேனாவின் பிகரேட் கோன்சான்ட்ரே கசப்பு ஆரஞ்சில் தொடங்கி வைக்கோல் வாடையில் முடியும். ரோப்பியோனின் கொலோன் ஆன்டெலேபில் ஆரஞ்சுப் பூவைக் கஸ்தூரியில் கட்டி நிறுத்தியது. வழக்கமான கொலோன் மறைந்துபோகும் நேரத்தைத் தாண்டியும் நிற்கும்.

சோதிக்கும் முறை

கடைக்குப் போகிற அன்று வேறு எதுவும் அடிக்காதீர்கள், சோப்புகூட மணமில்லாததாக இருக்கட்டும். ஐந்தையும் தனித்தனி அட்டையில் அடித்து, பெயரைப் பென்சிலில் எழுதி, பதினைந்து நிமிடம் விடுங்கள். பேனா மைக்கே வாடை உண்டு. அட்டையின் வேலை, வேண்டாததைக் கழிப்பது மட்டும். மிஞ்சும் இரண்டை மட்டும் தோலுக்குக் கொண்டுபோங்கள், ஒரு முன்கைக்கு ஒன்று, ஒரு சாண் தள்ளிப் பிடித்து ஒரே ஸ்ப்ரே. மணிக்கட்டோடு மணிக்கட்டைத் தேய்க்காதீர்கள். சூடேறி மேல் நோட்டுகள் அவசரமாகப் பறந்துவிடும், ஜெரேனியத்தில் இது நன்றாகவே தெரியும். மூக்கைத் தெளியவைக்கக் கடையில் நீட்டும் காப்பிக்கொட்டையால் பெரிய பயன் இல்லை. மூக்கு அலுத்தால் வெளியே போய்ச் சுத்தமான காற்றில் நில்லுங்கள். அன்றே வாங்காமல் வீட்டுக்குப் போய், ஒரு மணி நேரத்திலும் நான்கு மணி நேரத்திலும் முகர்ந்து பாருங்கள். மறுநாள் காலை கழற்றிப் போட்ட சட்டையையும் விடாதீர்கள். சட்டையில் மிஞ்சியது பிடிக்கவில்லை என்றால் அந்தப் பெர்ஃப்யூம் உங்களுக்கு இல்லை.

அளவுக் கணக்கும் பார்த்துவிடலாம். ஒரு ஸ்ப்ரே ஏறக்குறைய 0.1 மி.லி. தினம் மூன்று ஸ்ப்ரே போட்டால் 10 மி.லி. ஒரு மாதம், 50 மி.லி. ஐந்து மாதத்துக்கு மேல், 100 மி.லி. பதினொரு மாதம் வரும். 2 மி.லி. சாம்பிளே ஒரு வாரத்துக்குத் தாங்கும், வெயில் நாளும் ஏசி நாளும் அதற்குள் வந்துவிடும். ஒரு மி.லி.க்கு விலை குறைகிறது என்று நேராக 100 மி.லி.க்குப் போவது, ஒன்றையே தினம் போடுபவருக்குத்தான் லாபம். பாட்டிலை ஜன்னலோரத்திலும் குளியலறையிலும் வைக்காதீர்கள். சூடும் வெளிச்சமும் முதலில் கெடுப்பது ஆரஞ்சு வகை நோட்டுகளை. பிகரேட் வாங்குபவருக்கு இது கட்டாயம்.

பழைய பாட்டிலைத் தேடி வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஓக் பாசியில் உள்ள அட்ரனால், குளோரோஅட்ரனால் இரண்டையும் ஐரோப்பிய ஒன்றியம் 2017-ல் தடை செய்தது. ஓக் பாசி சேர்த்த எந்தப் பெர்ஃப்யூமும் அதற்கு முன்னும் பின்னும் அப்படியே ஒன்றாக இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. சாம்பிளும் பாட்டிலும் ஒரே காலத்துச் சரக்காக இருக்கட்டும்.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் ஜெரேனியம். காலைக்கும் மாலைக்கும் தோதுப்படுவது அது மட்டும்தான். இரண்டு என்றால் அதோடு மஸ்க் ராவஜர். வெட்டிவேர் பிரியருக்கு வெட்டிவர் எக்ஸ்ட்ராஆர்டினேரை மறுக்க முடியாது, ஆனால் கூடவே ஃப்ரெஞ்ச் லவரையும் வாங்காதீர்கள். இரண்டும் ஒரே இடத்துக்கு, ஒரே உடைக்குப் போகிறவை, ஒன்று நிச்சயம் தூசி படியும்.