தாஷ்கண்ட் குழுச் சுற்றுலா: நண்பகலில் பேருந்து எங்கே நிற்கிறது என்று கேளுங்கள்

மதுரையில் உள்ள ஒரு பயண நிறுவனத்தின் குழுச் சுற்றுலாவில் சேர்ந்து, உஸ்பெகிஸ்தானின் தலைநகரான தாஷ்கண்டுக்குக் கடந்த அக்டோபரில் குடும்பத்துடன் சென்று வந்தோம். டெல்லியில் விமானம் மாறினால் அங்கிருந்து ஏறத்தாழ மூன்று மணி நேரத்தில் போய் இறங்கிவிடலாம் என்பதாலும், இந்தியர்களுக்கு இணைய வழியிலேயே விசா கிடைத்துவிடுகிறது என்பதாலும், துபாயையும் சிங்கப்பூரையும் பார்த்து முடித்த மதுரைக்காரர்கள் இப்போது இந்த ஊரைப் பற்றி விசாரிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். விமானச் சீட்டு, விசா, தங்கும் விடுதி, பேருந்து ஆகிய எதிலும் அந்த நிறுவனம் குறை வைக்கவில்லை. குறையெல்லாம் சாப்பாட்டு நேரத்தில்தான். அந்த ஒன்றே ஊரின் பாதியை எங்கள் கண்ணில் படாமல் மறைத்துவிட்டது.

ஊரின் எந்த மூலையில் எதைப் பார்த்துக்கொண்டிருந்தாலும், நண்பகல் நெருங்கியதும் பேருந்து ஓர் இந்திய உணவகத்துக்குத் திரும்பிவிடும். அங்கே ரொட்டி, பருப்பு, பனீர், சீரகச் சோறு எல்லாம் வரிசையாக வைக்கப்பட்டிருக்கும். இரவிலும் அதே வரிசைதான். வெளியூர்ச் சாப்பாடு நம்மவர்களுக்கு ஒத்துக்கொள்ளாது என்று நிறுவனத்தார் அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது. எங்கள் குழுவிலேயே புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் கட்டிக்கொண்டு வந்தவர்கள் உண்டு. ஆனால் தாஷ்கண்டின் தலையாய உணவான பிலாவ், நண்பகலில் மட்டுமே அதன் முழுச் சிறப்போடு கிடைக்கக்கூடியது. காலையில் கொப்பரையை ஏற்றி, பதினொன்று பன்னிரண்டு மணிக்கு இறக்கி, தீர்ந்ததும் கழுவிக் கவிழ்த்துவிடுகிறார்கள். இரவில் வாங்கிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட முடியாத அந்த நேரத்தில்தான் நாங்கள் பனீரின் முன்னால் உட்கார்ந்திருந்தோம். ஒரு நாளாவது பிலாவ் கடையில் நிறுத்தச் சொல்லிக் கேட்டதற்கு, உடன் வந்த வழிகாட்டித் தம்பி, “அண்ணே, அங்க புக்கிங் போட்டாச்சு, இத்தனை பேருக்குச் சமைச்சு வச்சிருப்பாங்க, நான் என்ன பண்ணட்டும்” என்றார். அவர் சொல்வதிலும் தவறில்லை. பயண நிரலைப் போட்டவர் அவரல்லர்.

கடைகளில் பொருள் வாங்குவதற்கென்று விட்டிருந்த நாளில் எங்களில் சிலர் பிரிந்து, யாண்டெக்ஸ் செயலியில் வாடகைக் கார் அழைத்து, தொலைக்காட்சிக் கோபுரத்துக்கு அருகில் உள்ள பெஷ் கோசோன் என்னும் பிலாவ் கூடத்துக்குப் போனோம். கோபுரம் 375 மீட்டர் உயரம் என்பதால் வழி தவற வாய்ப்பே இல்லை. சாப்பிடும் கூடத்துக்குள் நுழைவதற்கு முன், கொப்பரைகள் இருக்கும் இடத்தில் சிறிது நேரம் நின்று பார்க்க வேண்டும்; யாரும் விரட்டுவதில்லை. கொழுப்பும் எண்ணெயும் காய்ந்ததும் இறைச்சியையும் வெங்காயத்தையும் சிவக்க வதக்கி, அதன் மேல் நீளவாக்கில் குச்சிகளாக நறுக்கிய மஞ்சள் காரட்டை மலையாகக் கொட்டித் தண்ணீர் விட்டு நிதானமாகக் கொதிக்க விடுகிறார்கள். அரிசியை அதன் மேல் பரப்புவதோடு சரி, கிளறுவதில்லை. தண்ணீர் சுண்டியதும் மூடிப் புழுங்க வைக்கிறார்கள். பரிமாறுபவர் சோற்றைத் தட்டில் குவித்து, வெந்த இறைச்சியைக் கத்தியால் துண்டுபோட்டு மேலே வைத்துத் தருகிறார். கூடவே கொண்டைக்கடலையும் உலர்ந்த திராட்சையும் இருக்கும். விரும்பினால் காடை முட்டையும், கஸி என்னும் குதிரை இறைச்சி வட்டங்களும் சேர்த்துக்கொள்ளலாம். குதிரை இறைச்சி வேண்டாம் என்பவர்கள் தட்டு நீட்டும்போதே கையசைத்துவிடுவது நல்லது.

சீரக சம்பா பிரியாணியில் ஊறிய நாக்கோடு போகிறவர்களுக்கு முதல் கவளம் சப்பென்றுதான் இருக்கும். இஞ்சி பூண்டு விழுது, பட்டை கிராம்பு, புதினா, பச்சை மிளகாய் எதுவும் இதில் இல்லை. உப்பும் சீரகமும் வெங்காயமும் இறைச்சிச் சாறும்தான். காரட்டின் இனிப்பும் கொழுப்பும் சேர்ந்து ஏறுவது நான்காவது ஐந்தாவது கவளத்தில் பிடிபடும். அச்சிச்சுக் என்று தக்காளியையும் வெங்காயத்தையும் மெல்லியதாக அரிந்து தருகிறார்கள். அதைத் தவறாமல் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் கொழுப்பு திகட்டிவிடும். பிறகு பச்சைத் தேநீர், சர்க்கரையும் பாலும் இல்லாமல். கைப்பிடியற்ற சிறு கிண்ணத்தில் பாதி அளவுதான் ஊற்றுகிறார்கள். கஞ்சத்தனம் என்று எங்கள் வீட்டம்மா முகம் சுளித்தார், விருந்தாளியை மீண்டும் மீண்டும் கவனிப்பதற்காக அப்படி ஊற்றுவது அவர்கள் வழக்கமாம். உஸ்பெகிஸ்தானின் பிலாவ் மரபை யுனெஸ்கோ 2016-இல் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அந்தப் பெருமையை வழிகாட்டி பேருந்தில் ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டு, எங்களைப் பனீருக்கு அழைத்துப் போனார்!

சோர்சு சந்தைக்கு நிரலில் ஒரு மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். பழைய நகரில், நீல ஓடு பதித்த பெரிய குவிமாடத்தின் கீழ் இருக்கும் இந்தச் சந்தைக்கு ஒரு காலைப் பொழுது முழுவதும் கொடுத்தாலும் தகும். தரைத்தளத்தில் இறைச்சி, மேலே வளைந்து செல்லும் மாடத்தில் உலர்ந்த பாதாமி, திராட்சை, பிஸ்தா, அக்ரூட். தயிரை உப்பிட்டு உருட்டிக் காயவைத்த குர்த் என்னும் உருண்டைகளைச் சுவைத்துப் பார்க்கச் சொல்லிக் கையிலேயே வைத்துவிடுகிறார்கள். கடுமையான உப்பும் புளிப்பும் கொண்ட அதை எங்கள் குழுவில் ரசித்தவர்கள் மிகச் சிலரே. குவிமாடத்துக்கு வெளியே ரொட்டி சுடும் அடுப்புகள் இருக்கின்றன. வட்டமாகத் தட்டிய மாவின் நடுவில் முட்கள் கொண்ட அச்சைக் குத்தி எடுத்து, எள் தூவி, களிமண் அடுப்பின் உட்சுவரில் அறைந்து ஒட்டுகிறார் அடுப்புக்காரர். வெந்ததும் நீண்ட கம்பியால் பெயர்த்து எடுக்கிறார். நடுப்பகுதி அப்பளம் போல மொறுமொறுப்பாகவும் விளிம்பு பஞ்சாகவும் இருக்கும் அந்த ரொட்டியைச் சூட்டோடு பிய்த்துத் தின்ன வேண்டும். ரொட்டியைக் குப்புறக் கவிழ்த்து வைப்பதை அவர்கள் மரியாதைக் குறைவாகக் கருதுகிறார்கள். சந்தையில் விலை பேசலாம், ஆனால் நம் ஊரில் போலப் பாதியில் தொடங்குவது எடுபடவில்லை.

பேருந்திலேயே வைத்துச் சுற்றிய இன்னொரு பிழை, மெட்ரோவைக் காட்டாமல் விட்டது. மத்திய ஆசியாவின் முதல் சுரங்க ரயில் இது, 1977-இல் திறக்கப்பட்டது. போர்க்காலப் புகலிடங்களாகவும் கருதப்பட்டதால் 2018 வரை நிலையங்களில் படம் எடுக்கத் தடை இருந்தது, இப்போது இல்லை. நம் கணக்கில் முப்பது ரூபாய்கூட ஆகாத ஒரு சீட்டில், வெளியே வராமலேயே நிலையம் நிலையமாக இறங்கி ஏறலாம். பருத்தியை நம்பிய நாடு என்பது பக்தகோர் நிலையத்தின் சுவர்ச் சித்திரங்களிலேயே தெரிகிறது. பிலாவுக்கு ஊற்றும் எண்ணெயும் பல இடங்களில் பருத்திக் கொட்டை எண்ணெய்தான். அலிஷெர் நவாய் நிலையத்தில் கூரை முழுவதும் குவிமாடங்கள். எனக்குப் பிடித்தது கோஸ்மோனாவ்த்லார்: கருநீலத்திலிருந்து வெளிர்நீலம் வரை மாறும் பீங்கான் சுவரில் சோவியத் விண்வெளி வீரர்களான ககாரினும் தெரஷ்கோவாவும் வட்டச் சித்திரங்களாக மிதக்கிறார்கள், அவர்களோடு பதினைந்தாம் நூற்றாண்டில் சமர்கண்டில் வான்நோக்ககம் கட்டிய உலுக் பெக்கும் இருக்கிறார்.

1966-ஆம் ஆண்டு இந்த ஊருக்கு இருமுறை வந்து போகிறது. பாகிஸ்தான் அதிபர் அயூப் கானுடன் உடன்படிக்கையில் கையெழுத்திட்ட மறுநாள், ஜனவரி 11-இல், லால் பகதூர் சாஸ்திரி இங்கேதான் காலமானார்; அவர் பெயரில் தெருவும், அங்கே மார்பளவுச் சிலையும் உள்ளன. எங்களுடன் வந்த எழுபதைக் கடந்த பெரியவர் ஒருவர், 1965-இல் மதுரையில் மூண்ட இந்தி எதிர்ப்புப் போராட்டத்தை நினைவுகூர்ந்து, “அந்தாளு மேல அப்ப எங்களுக்கு அம்புட்டுக் கோவம்” என்று சொல்லிக்கொண்டே சிலையை வணங்கினார். அதே ஆண்டு ஏப்ரல் 26 அதிகாலையில் நிலநடுக்கம் ஊரின் மையத்துக்கு நேர் கீழே தாக்கியது. அகன்ற சாலைகளும் மரவரிசைகளும் சோவியத் அடுக்குமாடிகளும் பெரும்பாலும் அதற்குப் பின் எழுந்தவை. பழைமையை எதிர்பார்த்து வருகிறவர்கள் ஏமாறுவதும் இதனால்தான்; பழைமை வேண்டுமென்றால் மசூதிகளும் மதரசாவும் உள்ள ஹஸ்ரத்தி இமாம் வளாகத்துக்கோ, விரைவு ரயிலில் சமர்கண்டுக்கோ போக வேண்டும். நிலநடுக்க நினைவிடத்தில் பிளந்த கருங்கல் கனசதுரத்தின் முகத்தில் நிலநடுக்கம் தாக்கிய நேரத்தைப் பொறித்திருக்கிறார்கள். பேருந்திலிருந்து பார்த்தால் அந்த விரிசல் தெரியாது, இறங்கிப் போக வேண்டும்.

சிம்கன் மலைப் பயணம் குழந்தைகளுக்குப் பிடிக்கும், அவ்வளவுதான். ‘காலா டின்னர்’ என்ற பெயரில் நடன நிகழ்ச்சியோடு ஓர் இரவு உணவும் நிரலில் இருந்தது. பாட்டுச் சத்தத்தில் ஒருவருக்கொருவர் பேசவும் முடியவில்லை. பெற்றோரோடு போகிறவர்கள் தவிர்த்துவிடலாம்.

சைவ உணவுக்காரர்களுக்கு இந்த ஊர் எளிதன்று. ரொட்டி, பழங்கள், அச்சிச்சுக், தயிர் வகைகள் தாராளமாகக் கிடைக்கும். பூசணிக்காய் வைத்த சோம்சா (அடுப்பில் சுட்ட சமோசா) கிடைக்கும்போதும் அதில் ஆட்டு வால் கொழுப்பு சேர்ந்திருக்கக்கூடும் என்பதால் கேட்டுத்தான் வாங்க வேண்டும். லக்மான் நூடுல்ஸின் குழம்பும் இறைச்சிச் சாற்றில்தான் ஆகிறது. அவர்களுக்கு அந்த இந்திய உணவகம் உண்மையிலேயே உதவியாக இருந்தது. ஆனால் கறி சாப்பிடுகிறவர்களையும் அதே மேசையில் கட்டிப்போடத் தேவையில்லை.

ஊர் திரும்பியதும் நிறுவனத்தாரிடம் இதைச் சொன்னேன். அடுத்த குழுவிலிருந்து, மதிய உணவு வேண்டாம் என்பவர்களுக்கு அதற்கான தொகையைக் கழித்துக்கொண்டு, நண்பகலில் அவர்களை பிலாவ் கடையிலோ சோர்சுவிலோ இறக்கிவிட ஏற்பாடு செய்வதாக மேலாளர் பொறுமையாகக் கேட்டுச் சொன்னார். எவ்வளவு கழிப்பார்கள், எங்கிருந்து எத்தனை மணிக்கு மீண்டும் ஏற்றிக்கொள்வார்கள் என்ற இரண்டையும் முன்பணம் கட்டும்போதே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.