‘ஓடிடி இலவசம்’ என்று ஆறு மாசப் பணத்தை முன்கூட்டியே வாங்கும் ஃபைபர் இணைப்பு: குமரி மாவட்டத்தில் கருங்கல், மார்த்தாண்டம், தக்கலை பக்கம் உள்ளவர்கள் கவனிக்க

“100 எம்பிபிஎஸ், மாதம் 499, பதினைந்து ஓடிடி இலவசம்” என்று நோட்டீஸ் அடித்து வீடு வீடாக ஆள் வருகிறது. அதிகம் மாட்டுவது, பிள்ளைகள் கல்ஃபில் இருக்க, வீடியோ காலுக்காகவே நெட் வாங்கும் பெரியவர்கள். கம்பெனி பெயரைச் சொல்லிப் பயனில்லை, இதே முறையில் பல பேர் வருகிறார்கள்.

கருங்கல் பக்கத்து ஒரு வீட்டின் கணக்கு இது. 499 வீதம் ஆறு மாதத்துக்கு 2,994. நோட்டீஸில் காட்டாத ஜிஎஸ்டி 18 சதவீதம், 538.92. மோடம் டெபாசிட் 1,500. இன்ஸ்டலேஷன் 500. கூட்டினால் 5,532.92, வாங்கியது 5,550. ஆறால் வகுத்தால் மாதம் 925 ரூபாய். இதில் 1,500 திரும்ப வரும் பணம் என்று வாயால் சொன்னார்களே தவிர, ரசீதில் “நெட் 6 மாசம் – 5550” என்று மட்டும்தான் இருக்கிறது. டெபாசிட் என்ற சொல் ரசீதில் இல்லையென்றால் அந்தப் பணத்தை மறந்துவிட வேண்டியதுதான்.

ஜிஎஸ்டி வாங்குகிறவர் 15 இலக்க ஜிஎஸ்டி எண் போட்ட பில் தர வேண்டும். தமிழ்நாட்டுப் பதிவு 33 என்று தொடங்கும், பில்லில் சிஜிஎஸ்டி (மத்திய பங்கு) 9, எஸ்ஜிஎஸ்டி (மாநிலப் பங்கு) 9 என்று பிரிந்திருக்கும். 32 என்று தொடங்கினால் கேரளப் பதிவு, அப்போது வேறு மாநிலத்திலிருந்து வருவதற்கான ஐஜிஎஸ்டி 18 என்று ஒரே வரியாக வரும். கேரள எல்லையில் உள்ள களியக்காவிளைப் பக்கம் இரண்டு வகையும் புழங்கும். ஜிஎஸ்டி இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் யார் பெயர் என்று உடனே தெரியும். எண்ணே இல்லாத வெள்ளைத்தாள் ரசீதில் 18 சதவீதம் வாங்கினால், அது வரி இல்லை, அவருடைய லாபம்.

இனி அந்த ‘இலவசம்’. பதினைந்து ஆப்பில் முக்கால்வாசி யாரும் பேர் கேட்டிராதவை. நாம் கேட்கிற பெரிய ஆப் இருந்தாலும் அது எந்தப் பிளான் என்று பாருங்கள். நெட்ஃபிளிக்ஸின் 149 ரூபாய் மொபைல் பிளான் ஃபோனிலும் டேப்லெட்டிலும் மட்டும் ஓடும், படத்தரம் 480பி, டிவியில் வராது. நெட்டோடு சேர்த்துத் தரும் மற்ற ஓடிடி தொகுப்புகளிலும் இதே ‘மொபைல் மட்டும்’ நிபந்தனை பொடி எழுத்தில் இருக்கும். “டிவியிலேயே பாக்கலாம் அம்மா” என்று சொல்கிறவரிடம், உங்கள் டிவியிலேயே லாகின் செய்து ஒரு படத்தை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அதற்கு அப்புறம் பணம்.

“ஓடிபி தொல்லை உங்களுக்கு எதுக்கு, நம்ம நம்பரையே போட்டுக்கிடுதேன்” என்று வந்த ஆள் சொல்வது அடுத்த வேலை. ஓடிடி லாகின் மட்டுமல்ல, நெட் கணக்கே அவருடைய நம்பரில் பதிவாகிவிடும். புகார் நம்பர், பிளான் மாற்றம், ரீசார்ஜ் நினைவூட்டல் எல்லாம் அவருக்குத்தான் போகும். அவர் வேலையை விட்டுப் போனால் உங்கள் கணக்கில் உங்களாலேயே நுழைய முடியாது. மகன் வெளிநாட்டில் இருந்தாலும், வீட்டில் இருக்கிற ஃபோன் நம்பரைத்தான் கொடுக்க வேண்டும்.

பணம் ஓசையில்லாமல் போவது ஆட்டோபேயில். டிவியில் ஆப்பைத் திறந்ததும் ‘அப்கிரேட்’ பக்கம் வரும், ஒரு ரூபாய் ட்ரையல் என்று க்யூஆர் காட்டும். ஸ்கேன் செய்து யுபிஐ பின் போட்டால் போகிறது ஒரு ரூபாய்தான். ஆனால் நீங்கள் சம்மதித்தது ஒரு மேண்டேட்டுக்கு, அதாவது இனி அவர்களே தானாகப் பணம் எடுத்துக்கொள்ளும் அனுமதிக்கு. பின் போடும் முன் வரும் திரையில் அதிகபட்சத் தொகையும், மாதமா வருடமா என்பதும் இருக்கும், யாரும் படிப்பதில்லை. ரிசர்வ் வங்கி விதிப்படி இப்படிப்பட்ட சந்தாவுக்கு 15,000 ரூபாய் வரை ஒவ்வொரு முறையும் பின் கேட்காமலே எடுக்கலாம். எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பு அறிவிப்பு வர வேண்டும். வரும், ஆங்கிலத்தில், விளம்பர மெசேஜ்களுக்கு நடுவே.

ஆப்பை அழித்தால் ஆட்டோபே நிற்காது. ஃபோன்பே, கூகுள் பே எதுவானாலும் புரொஃபைல் படத்தைத் தொட்டு ‘ஆட்டோபே’க்குள் போய், நடப்பில் உள்ள மேண்டேட்டைத் திறந்து ரத்து செய்து யுபிஐ பின் போட வேண்டும். பிளே ஸ்டோரில் ‘சப்ஸ்கிரிப்ஷன்’ பகுதியையும் பார்த்துவிடுங்கள், சில ஆப் அந்த வழியாக எடுக்கும். இலவச ட்ரையலுக்குப் பேமென்ட் விவரத்தையோ ஆட்டோ டெபிட் அனுமதியையோ கட்டாயமாக வாங்குவதை, மத்திய அரசின் 2023 நவம்பர் வழிகாட்டுதல் ‘சந்தா பொறி’ என்ற வகையில் தடை செய்திருக்கிறது. புகார் எழுதும்போது இதைக் குறிப்பிடுங்கள்.

வேகத்தில் செய்கிற வித்தை பழசு. மதிய நேரம், மோடத்துக்குப் பக்கத்தில் நின்று, பக்கத்தில் மட்டும் வேகமாக எட்டும் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் டெஸ்ட் போட்டு 100 காட்டுவார்கள். இல்லையென்றால் வேகம் குறைந்த 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் உள்ள சிங்கிள் பேண்ட் மோடத்தை மாட்டிவிட்டு, மாடியில் வேகம் வரவில்லை என்றால் “கான்கிரீட் சுவர்தான் காரணம்” என்பார்கள். பெட்டியில் ‘டூயல் பேண்ட்’ (இரண்டும் உள்ளது) என்று இருக்கிறதா பாருங்கள். டெஸ்டை லேன் வயர் போட்டு இரவு எட்டு முதல் பத்துக்குள் எடுங்கள். உண்மையில் எச்டி படத்துக்கு 5 எம்பிபிஎஸ், 4கே படத்துக்கு 15 போதும். இரண்டு டிவியும் ஒரு வீடியோ காலும் உள்ள வீட்டுக்கு 40 எம்பிபிஎஸ் பிளானே தாராளம். அதைவிட முக்கியமாகக் கேட்க வேண்டியது டேட்டா வரம்பு. 3,300 ஜிபி என்றால் கவலை இல்லை. 500 ஜிபி என்றால், எச்டி மணிக்கு சுமார் 3 ஜிபி, தினம் ஐந்து மணி நேரம் ஓடினாலே மாதம் 450 ஆகிவிடும். அதன் பிறகு கிடைக்கும் வேகம் எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள்.

நம்ம ஊரில் லைன் அறுவது பெரும்பாலும் தென்னமட்டை விழுந்துதான். புரையிடத்துக்குள், அதாவது வீட்டைச் சுற்றிய தோட்டத்துக்குள், மரத்துக்கு மரம் கட்டி இழுத்தால் முதல் மழைக்கே அடி. இணைப்பு கொடுக்கும்போதே மோடத்தின் செட்டிங் பக்கத்தில் ஆர்எக்ஸ் பவர், அதாவது ஃபைபர் வழியாக வந்து சேரும் வெளிச்சத்தின் அளவு, எவ்வளவு என்று காட்டச் சொல்லுங்கள். மைனஸ் எண் பெரிதாகப் பெரிதாக வெளிச்சம் குறைவு. -18 முதல் -23 டிபிஎம் வரை நல்லது. -27 எல்லை. 3 டிபி குறைந்தால் வெளிச்சம் பாதியாகிறது, அதனால் முதல் நாளே -26 காட்டும் லைன், ஜாயின்ட்டில் கொஞ்சம் ஈரம் ஏறினாலே சிக்னல் இல்லை என்று காட்டும் சிவப்பு ‘லாஸ்’ (LOS) விளக்கைப் போட்டுவிடும். ஜன்னல் மூலையில் வயரை மடக்கி ஆணி அடித்திருந்தாலும் இதே கதைதான். இடியில் மோடம் போனால் “லைன் வழியா வந்தது” என்பார்கள். கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது, பெரும்பாலும் பிளக் வழியாகத்தான் வரும். இடிமழையில் அடாப்டரைக் கழற்றி வையுங்கள்.

ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் ஃபோனில் சண்டை போட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். லைன் இழுத்த ஆபரேட்டரை விட்டுவிட்டு, பில்லில் பெயர் உள்ள கம்பெனியிடம் புகார் எண் வாங்குங்கள். தீரவில்லை என்றால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரி. பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழில் பேசலாம். கடைசியாக நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம், கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் சரி. நீங்கள் கட்டிய பணம் 5 லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். “டெலிகாம் வழக்கு இங்கே எடுபடாது” என்று யாராவது சொன்னால், எடுபடும் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தீர்ப்பளித்திருக்கிறது.

இணைப்பை நிறுத்தும்போது மோடத்தை வெறுமனே ஆள் கையில் கொடுத்து அனுப்பாதீர்கள். அடியில் உள்ள சீரியல் எண்ணைப் படம் எடுத்து, அடாப்டரும் சேர்த்து வாங்கியதாகத் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். இல்லையென்றால் “பெட்டி வந்து சேரவில்லை” என்று சொல்லி டெபாசிட்டைக் கழித்துவிடுவார்கள்.