ஷிஃப் காரமா, லாரிக் ஆர்ஜினேட்டா? அமினோ அமிலத்திலிருந்து இரு பாக்டீரியா எதிர்ப்பிகள்

அமினோ அமிலத்திலிருந்து பாக்டீரியாவை எதிர்க்கும் சேர்மம் செய்யப் பல வழிகள் உண்டு. அவற்றுள் ஷிஃப் கார வழி, அதாவது அமினோ தொகுதியை ஆல்டிஹைடுடன் இணைத்துக் கார்பன்–நைட்ரஜன் இரட்டைப் பிணைப்புள்ள சேர்மத்தைச் செய்யும் வழி, மிக எளியது. கிளைசின் போன்ற ஒன்றைக் காரம் சேர்த்த ஆல்ககாலில் கரைத்துச் சாலிசிலால்டிஹைடுடன் சூடாக்கினால் மஞ்சள் நிறச் சேர்மம் கிடைக்கும். செப்பு உப்பைச் சேர்த்தால் அதன் அணைவுச் சேர்மமும் உருவாகும். செலவு குறைவு என்பதாலும், ஆல்டிஹைடை மாற்றிப் புதியவற்றை வரிசையாகச் செய்யலாம் என்பதாலும் ஆய்வேடுகளில் இவை மலிந்திருப்பதில் வியப்பில்லை.

மற்றொன்றான லாரிக் ஆர்ஜினேட்டைச் செய்ய, ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தை எத்தனாலால் எஸ்டராக்கி, அதன் அமினோ முனையில் லாராயில் குளோரைடைக் கொண்டு 12 கார்பன் வாலை இணைக்க வேண்டும். ஆர்ஜினினில் உள்ள குவானிடின் தொகுதியின் நேர்மின்சுமை பாக்டீரியாவின் எதிர்மின் மேற்பரப்பில் ஒட்ட, வால் சவ்வுக்குள் நுழைந்து அதைக் குலைக்கிறது. உடலில் இது லாரிக் அமிலம், ஆர்ஜினின் முதலியனவாகச் சிதைந்துவிடும். இறைச்சிப் பொருள்களில் இதைப் பயன்படுத்துவதற்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2005இல் ஆட்சேபம் தெரிவிக்கவில்லை. ஐரோப்பாவில் இது இ243 என்ற எண்ணுடைய உணவுப் பாதுகாப்புப் பொருள்.

இரண்டையும் ஒரே அகர் தட்டில் வட்டுகளாக வைத்துத் தடை வட்டத்தின் (வட்டைச் சுற்றிப் பாக்டீரியா வளராத பகுதியின்) மில்லிமீட்டரை மட்டும் அளப்பது சரியான ஒப்பீடாகாது. நீண்ட வாலும் நேர்மின்சுமையும் கொண்ட மூலக்கூறு அகருக்குள் மெதுவாகவே பரவுவதால் அதன் வட்டம் சிறுத்துத் தெரியலாம். ஷிஃப் காரமோ நீரில் பகுதியளவு பிரிந்து ஆல்டிஹைடை வெளியிடக்கூடியது, அந்த ஆல்டிஹைடுக்கும் செப்பு அயனிக்கும் தனித்தனியே கிருமியை அடக்கும் ஆற்றல் உண்டு. ஆகவே ஆல்டிஹைடு, செப்பு உப்பு, டிஎம்எஸ்ஓ கரைப்பான் ஆகியவற்றைத் தனியே சோதிக்காத ஆய்வில் கிடைத்த பெரிய வட்டத்தை நான் புதிய சேர்மத்தின் கணக்கில் வரவு வைக்க மாட்டேன்.

மாறாக, மில்லிலிட்டருக்குச் சுமார் 5 லட்சம் செல்கள் இருக்குமாறு முல்லர்–ஹின்டன் திரவ ஊடகத்தில் ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸையும் ஈ. கோலையையும் வளர்த்து, செறிவைப் படிப்படியாகப் பாதியாக்கும் இருமடி நீர்த்தல் வரிசையில் குறைந்தபட்சத் தடைச் செறிவை (வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த செறிவை) கண்டறிவதே இவ்விரண்டுக்கும் பொருந்தும் அளவுகோல். இங்கும் ஒரு சிக்கல் உண்டு: நேர்மின் சேர்மங்கள் பிளாஸ்டிக் குழிகளின் சுவரில் ஒட்டிக்கொண்டு, திரவத்தில் அவற்றின் உண்மையான செறிவு குறைந்துவிட, தடைச் செறிவு உள்ளதைவிட அதிகமாகத் தெரியக்கூடும்.

உணவைப் பாதுகாக்க ஆர்ஜினேட்டையே தேர்வேன். ஆனால் எதிர்மின் பாலிசாக்கரைடுகள் நிறைந்த உணவில் அதன் திறன் குறைகிறது. இரத்தத்தில் செலுத்தும் மருந்தாக்க வேண்டுமெனில் சிவப்பணுக்களைச் சிதைக்கிறதா என்ற சோதனையில் அது முதலில் தேற வேண்டும். ஷிஃப் காரமோ, அதற்கும் முன்பு, நீரில் சிதையாமல் நிலைத்திருக்கிறதா என்பதைக் காட்டியாக வேண்டும்.