முதுகு நீருக்குச் சிறுநீர்ப் பட்டை: நான்கு வருட அனுபவம்

மலேசியாவின் பேராவில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சின்ன டவுன் ஆஸ்பத்திரியில் மெடிக்கல் அசிஸ்டண்டாக இருக்கிறேன். லயத்துப் பெரியவர்களுக்கு நான் இன்னும் 'டிரஸ்ஸர் தம்பி'தான்.

மூளைக்காய்ச்சல் சந்தேகத்தில் டாக்டர் முதுகிலிருந்து, தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீரை எடுத்தால், கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகிவிடும். ராத்திரியில் செல் எண்ணிக்கைக்கும் காத்திருக்க வேண்டும். அதற்குள் குழாயிலேயே வெள்ளணுக்கள் சிதையத் தொடங்கிவிடும். அதனால்தான் கட்டிலருகிலேயே சிறுநீர் சோதிக்கும், நிறம் மாறும் பட்டையையும் சர்க்கரை பார்க்கும் குளுக்கோமீட்டரையும் வைத்துப் பார்க்கிறோம்.

பட்டை ஒன்றுக்கு ஒரு தே தாரிக் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) விலைகூட ஆகாது. நீரில் முக்குவதில்லை, பட்டையிலுள்ள கட்டம் ஒவ்வொன்றுக்கும் ஒரு சொட்டு. சர்க்கரைக்கு 30 வினாடி, புரதத்துக்கு 60, வெள்ளணுவுக்கு 2 நிமிடம். ஒருமுறை அவசரத்தில் ஒரு நிமிடத்திலேயே பார்த்துவிட்டு "ஒன்றுமில்லை டாக்டர்" என்றேன். வெளிர் மஞ்சளாக இருந்த கட்டம் அப்புறம்தான் மெல்ல ஊதாவாகியது. இப்போது கைக்கடிகாரம் இல்லாமல் டப்பாவைத் தொடுவதில்லை. மூடியைத் திறந்து போட்டாலும் நம் ஊர் ஈரம் பட்டையைக் கெடுத்துவிடும்.

பெரிய குறை ஒன்று: அந்த ஊதா நிறம் நியூட்ரோபில் போன்ற வெள்ளணுக்களின் என்சைமால் வருவது. டீபி (காசநோய்) மூளைக்காய்ச்சலில் பெரும்பாலும் அந்த என்சைம் இல்லாத லிம்போசைட் வகை வெள்ளணுதான், அதனால் கட்டம் நிறம் மாறாமலே இருக்கலாம். பட்டை ஊதாவானால் மருந்தை வேகப்படுத்துவோம். ஆகாவிட்டால் அதை நம்பி மருந்தை நிறுத்துவதில்லை.

குளுக்கோமீட்டர் ரத்தத்துக்கென்று செய்தது. முதுகு நீரை வைத்தால் சில சமயம் எரர் காட்டும். ஆனாலும் எனக்கு அதுதான் அதிகம் உதவியிருக்கிறது. காய்ச்சலும் உளறலுமாக ஒரு பாட்டி வந்தார். பட்டையில் வெள்ளணு மங்கலாகத்தான் தெரிந்தது. மீட்டரில் முதுகு நீரின் சர்க்கரை 3.1 (mmol/L). பார்த்தால் சரியான அளவுதான். மகன் தயங்கித் தயங்கி, "தம்பி, அம்மாவுக்கு இனிப்பு நீர் இருக்கு" என்று சர்க்கரை நோயைச் சொன்னார். விரலில் குத்தி ரத்தச் சர்க்கரை பார்த்தால் 14.2! ரத்தத்தோடு ஒப்பிட்டால் முதுகு நீர்ச் சர்க்கரையின் விகிதம் 0.22. வழக்கமாக 0.6 பக்கம் இருக்கும், 0.4-க்குக் கீழே போனாலே பாக்டீரியாவைச் சந்தேகிக்க வேண்டும். டாக்டர் உடனே செஃப்ட்ரையாக்ஸோன் என்ற ஆன்டிபயாடிக் போடச் சொன்னார். மூன்றாம் நாள் கல்ச்சரில் நிமோகாக்கஸ் பாக்டீரியா வந்தது.

அன்றிலிருந்து எங்கள் வார்டில் முதலில் விரல், அப்புறம்தான் முதுகு.